ஐயான்ர பிஎஸ்ஏயும் மண்ணெண்ணெய்க் குழாயும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கட பேப்பரில யாழ்ப்பாணத்துப் பழைய ஒஸ்ரின் கார், மொறிஸ் மைனர் எல்லாத்தையும் பற்றி முழுப்பக்கம் போட்டிருந்தீங்கள், பொம்பிளை மாப்பிள்ளை ஏ40 க்குள்ள இருக்கிற படமும் நல்ல வடிவு, ஆனா அவ்வளவு பெரிய பக்கத்தில மோட்டச் சைக்கிளைப் பற்றி ஒரு வரி இல்லை. சரி அதை விடுவம். கடைசிப் பந்தியில உந்த வாகனங்களை அசல் நிலைக்குக் கொண்டு வந்து காப்பாத்த வேணும் எண்ட மாதிரி எழுதியிருந்தவர், அதை வாசிச்சாப் பிறகுதான் எனக்கு இதை எழுத வேணும் எண்டு வந்தது. எந்த அசல்? ஆற்ற அசல்?

நான் கோண்டாவில் ஆள். 2020 பங்குனியில ஊரடங்குச் சட்டம் போட்ட நேரம் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்க ஏலாம, கோடிப்பக்கக் கொட்டிலுக்குள்ள பதினாறு வருசமாத் தறப்பாளால மூடிக் கிடந்த ஐயான்ர பிஎஸ்ஏ மோட்டச் சைக்கிளை இழுத்து வெளியில விட்டனான். இப்ப அது ஓடுது. நடுவில நடந்ததைத்தான் எழுதுறன், நீளமாப் போச்செண்டா வெட்டுங்கோ, மண்ணெண்ணெய்க் குழாய்க் கதையை மட்டும் வெட்டிப் போடாதேங்கோ.

பிஎஸ்ஏ எண்டா பேர்மிங்காம் ஸ்மோல் ஆம்ஸ், 1861 இல துவக்குச் செய்யத் தொடங்கின கொம்பனி, அதாலதான் அவையின்ர முத்திரையில மூண்டு துவக்கைச் சாய்ச்சு வச்ச படம் இருக்கு. ஐயான்ரை எம் 20 மொடல். 1937 இல தொடங்கி 1955 வரைக்கும் செய்தவை, ரண்டாம் உலக யுத்தத்தில பிரிட்டிஷ் ஆமிக்கு மட்டும் 1,26,000 அளவில குடுத்தவை. 496 சீசீ, ஒற்றைச் சிலிண்டர், சைட் வால்வ், 13 குதிரைவலு. இப்ப பெடியள் ஓடித் திரியிற 150 சீசீ பல்சருக்கே அதை விடக் கொஞ்சம் கூட இருக்கும், ஆனா இது 170 கிலோவுக்குக் கிட்ட முழு இரும்பு. இழுவையெண்டா எருத்துமாடு மாதிரி, ஓட்டமெண்டாலும் எருத்துமாடு மாதிரித்தான்.

ஐயா காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில பிற்றரா இருந்தவர். 62 இல மூண்டாம் கையா வாங்கினவர், யுத்தம் முடிஞ்சு வெள்ளைக்காரர் கழிச்சு விட்ட சைக்கிள் எண்டு வித்த ஆள் சொன்னவராம். அப்பவே ஆமி நிறத்துக்கு மேல ஆரோ கறுப்புப் பூசிப்போட்டினம். பிறகு 70 களில சாமான் இறக்குமதியை இறுக்கின காலத்தில சீற் கிழிஞ்சு போக, ஐயாவே ரயர் ரியூப்பும் கட்டில் ஸ்பிறிங்கும் வச்சு ஒரு சீற் செய்தவர். ஹாண்டில் வளைஞ்சு போக, தண்ணிப் பைப்பை மண் நிரப்பி நெருப்பில காட்டி வளைச்சுப் போட்டவர். மட்காட்டைப் பாதியில வெட்டினது ஏனெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது, அம்மாவைக் கேட்டா "அது அவற்ற ஸ்ரைல்" எண்டு சிரிக்கிறா.

இனி 90 க்குப் பிறகு. யுத்தத்தால யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை, பற்றரி தடை, சீமெந்து தடை. உங்கட இளம் வாசகர்மாருக்கு விளங்காது, கரண்டும் இல்லை. எங்கட வீட்டுப் பிறிஜ் புத்தக அலுமாரியாப் போச்சு, நான் ஏஎல் நோட்ஸ் எல்லாம் அதுக்குள்ளதான் வச்சிருந்தனான், எலி போகாது. ஊரில எல்லாரும் ஹொண்டா எம்டி 90 மோட்டச் சைக்கிளையும் காரையும் மண்ணெண்ணெயில ஓடப் பழகினவை. சூப்பிப் போத்தலுக்குள்ள கொஞ்சம் பெற்றோல் வச்சிருந்து காபரேற்றருக்குள்ள ரண்டு சொட்டுப் பீச்சி ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெயில விடுறது. மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரி குளிரில ஆவியாகாது, அதோட கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள நெரிக்கிற அளவு, கூடின எஞ்சினில அது முந்தி வெடிச்சு டக்கு டக்கு எண்டு தட்டும், பிஸ்ரனுக்குக் கூடாது. இதில ஐயான்ர பிஎஸ்ஏக்கு ஒரு அதிட்டம், அதின்ர கொம்பிரஷன் 4.9 க்கு 1 தான். ஆமிக்காரருக்கு எந்த ஊர்க் குப்பைப் பெற்றோலிலயும் ஓட வேணும் எண்டு செய்தது எங்களுக்கு வாய்ச்சுது. மற்றது அது மக்னீற்றோ எஞ்சின், தீப்பொறியைத் தானே சுத்திச் சுத்தி எடுக்கும், பற்றரி இருந்தா என்ன இல்லாட்டி என்ன. புது ஜப்பான் சைக்கிள் வச்சிருந்த ஆக்கள் பற்றரிக்கு அலைஞ்ச நேரம் ஐயா உந்தக் கிழட்டுச் சைக்கிளில அரிசி மூட்டை ஏத்திக் கொண்டு போய்வந்தவர்.

ஐயா அதோட நிக்கேல்லை. மண்ணெண்ணெயைச் சூடாக்கிக் குடுத்தா நல்லா எரியும் எண்டு, அந்தப் பிறிஜ்ஜின்ர பின்பக்கத்துச் செப்புக் குழாயைக் கழட்டி, சயிலன்சர் பைப் எஞ்சினில இருந்து வெளிக்கிடுற இடத்தில ஏழு சுத்துச் சுத்தி, அதுக்கு மேல அஸ்பெஸ்ரஸ் கயிறு வரிஞ்சு, ராங்கில இருந்து வாற மண்ணெண்ணெய் அந்தச் சுத்துக்குள்ளால போய்த்தான் காபரேற்றருக்குப் போற மாதிரிச் செய்தவர். சீற்றுக்குக் கீழ ஒரு நெஸ்பிறே பால்மா ரின், அதுக்குள்ள பெற்றோல், அதுக்குத் தனிக் குழாய், தனித் திருகி. வீட்டு வாசலில பெற்றோலில வெளிக்கிட்டு, கோண்டாவில் சந்தி தாண்டக் குனிஞ்சு திருகியை மாத்துவார், அப்ப ஒரு இருமல் இருமும், பிறகு வெள்ளைப் புகை, பிறகு சரி. கிழமைக்கொருக்கா ஒயில் மாத்த வேணும், எரியாத மண்ணெண்ணெய் றிங்கால இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கிப் போடும். ஒயிலுக்கு அவர் பட்ட பாடு தனிக் கதை.

95 ஐப்பசி 30 ஆம் திகதி இரவு, சனமெல்லாம் இடம்பெயர்ந்த நேரம், அந்தச் சைக்கிளை ஓடேல்லை, உருட்டினதுதான். நாவற்குழிப் பாலத்தில சனத்துக்குள்ள ஆரோ இடிச்சுச் சாய்ஞ்சதில ராங்கின்ர இடப்பக்கம் ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவில நெளிஞ்சு போச்சு. கொடிகாமத்தில ஆறு மாசம் ஒரு மாமரத்துக்குக் கீழ நிண்டது. ஐயா 2004 இல செத்துப் போனார், அண்டையில இருந்து தறப்பாள்.

சரி, வேலைக்கு வருவம்.

என்னட்ட இருந்தது எம்டி 90 க்கு வச்சிருந்த ஸ்பனர் செட் மட்டும்தான். 13 நட்டுக்குள்ள போகாது, 14 லூசு. அவசரத்தில 14 ஐயே வச்சு முறுக்கினன், மூலையெல்லாம் வழிச்சுக் கொண்டு சுத்தினது, ரண்டு நட்டு மொட்டை. லண்டனில இருக்கிற மச்சானுக்குப் போன் எடுத்துச் சொன்னா அவன் பேசின பேச்சு இஞ்ச எழுதேலாது. உது மில்லிமீற்றரும் இல்லை, அமெரிக்கன் இஞ்சியும் இல்லை, விட்வேர்த் கணக்கு எண்டான். 1841 இல ஜோசப் விட்வேர்த் எண்ட இங்கிலிஷ்காரர் மரைக்கெல்லாம் ஒரே அளவு கொண்டு வந்தவராம், அந்தக் கணக்கு ஸ்பனரில 1/4 எண்டு அடிச்சிருந்தா அது நட்டின்ர அகலமில்லை, போல்ற்றின்ர தடிப்பு, நட்டின்ர அகலம் அரை இஞ்சியிலும் கொஞ்சம் கூட. அதுக்கு மேல இந்தச் சைக்கிளில கனக்க மரை இஞ்சிக்கு 26 புரி, சைக்கிள் மரை எண்டு அதுக்கு வேற பேர். கடையில வாங்கின போல்ற் மூண்டு சுத்து வடிவா ஏறும், நாலாவதில இறுகும், அங்க பலம் காட்டினா மரை போச்சு. நான் ரண்டு இடத்தில காட்டினனான். மனிசி தேத்தண்ணி கொண்டு வந்து வச்சிட்டு, மரை கழண்டது மோட்டச் சைக்கிளுக்கோ உங்களுக்கோ எண்டு கேட்டா.

மச்சான் ஒரு பழைய ஸ்பனர் செட்டும் கேஸ்கற்றும் (ஒயில் கசியாம மூடிக்கு நடுவில வைக்கிற மட்டை) றிங்கும் பாசலில போட்டவன், வந்து சேர நாலு மாசம். அதுக்குள்ள நான் இறுகிக் கிடந்த பிஸ்ரனுக்கு டீசல் விட்டு விட்டு, பத்தாம் நாள் மரக்கட்டை வச்சுத் தட்ட அசைஞ்சு குடுத்துது. அண்டைக்கு எனக்கு வந்த சந்தோசம் என்ர கலியாணத்தண்டும் வரேல்லை. (மனிசி உங்கட பேப்பர் வாசிக்கிறவ எண்டு தெரிஞ்சுதான் எழுதுறன்.)

ரைமிங் கவரைக் கழட்டினா உள்ளுக்குக் கேஸ்கற் எண்டு இருந்தது நாள் கலண்டர் மட்டை. ஒயிலில ஊறிக் கறுத்துப் போனாலும் ஒரு ஓரத்தில "ராகு 1.30 - 3.00" எண்டு வாசிக்கலாம், அப்ப வியாழக்கிழமை பார்க்கிற பக்கம். மட்டையைக் கவரில வச்சு விரலால அழுத்தி அச்செடுத்து, சவரக் கத்தியால வெட்டி, போல்ற் ஓட்டை ஒவ்வொண்டையும் வெற்றுத் தோட்டாக் கோதால குத்தி எடுத்திருக்கிறார், ஓட்டையெல்லாம் ஒரே வட்டம், பிசிறு இல்லை. லண்டனில இருந்து வந்த புதுக் கேஸ்கற்றில ஒரு ஓட்டை ஒண்டரை மில்லி தள்ளி இருந்தது. மெய்யாத்தான் சொல்லுறன்.

வால்வ் பக்கம் இன்னொண்டு. எக்ஸோஸ்ற் வால்வ் ஓடுற குழல், அதைக் கைட் எண்டுவினம், அது கொம்பனிச் சாமான் இல்லை எண்டு பாக்கவே தெரிஞ்சுது. கொண்டுபோய் சுன்னாகப் பக்கத்தில லேத் போட்டிருக்கிற ஒரு ஐயாவிட்டக் காட்டினன், எண்பது வயசு தாண்டின ஆள். கண்ணாடியை ஏத்திப் பார்த்திட்டு "உது நான் கடைஞ்சது" எண்டார். எப்பிடி ஐயா தெரியும் எண்டா, மேல் வாயில ஒரு மயிர்க் கோடு காட்டினார், தான் கடையிற எல்லாக் கைட்டுக்கும் ஒயில் நிக்கட்டும் எண்டு அந்தக் கோடு போடுறவராம். இரும்பு எங்கால எண்டு கேக்க, உடைஞ்ச தண்ணி மிசினின்ர வார்ப்பிரும்பு எண்டார். வால்வ் கைட்டுக்கு வார்ப்பிரும்புதான் உரிய சாமான், கொம்பனியும் அதைத்தான் போடுறது. சிலிண்டரையும் அவரே போர் பண்ணித் தந்தவர், இஞ்சிக் கணக்கு மைக்ரோமீற்றரை வேட்டித் தலைப்பால துடைச்சுத் துடைச்சு அளந்து கொண்டு, கரண்ட் ரண்டு தரம் போய் வந்த நாளில.

எல்லாம் பூட்டி முடிய ஒரு வருத்தம் வந்தது. விடிய வடிவா ஸ்ரார்ட் வரும், இணுவில் தாண்ட முன்னம் நிண்டுபோகும், அரை மணித்தியாலம் மதிலோரம் நிண்டா திருப்பியும் வரும். நான் காபரேற்றர் எண்டு நினைச்சு ரண்டு மாசம் அந்த அமால் கொம்பனிக் காபரேற்றரைக் கழட்டிக் கழட்டிக் கழுவினன். கடைசியில பார்த்தா மக்னீற்றோவுக்குள்ள கிடக்கிற கொண்டென்சர், சூடேறினாக் கை விட்டிடுது. அந்தக் காலத்து வயின்ரிங்குக்குப் பூசின அரக்கும் இளகி ஒட்டிப் போச்சு, எங்கட வெயில் அதுக்குச் சொன்ன வெயிலோ? தண்ணி மோட்டர் வயின்ரிங் செய்யிற ஒரு தம்பிதான் திருப்பிச் சுத்தித் தந்தவன். பொயின்ற் இடைவெளி பன்ரண்டு தவு (இஞ்சியில ஆயிரத்தில பன்ரண்டு பங்கு) வச்சு அடிச்சா, நீலப் பொறி. அந்தச் சந்தோசத்தில இக்னிஷனை, அதாவது பொறி அடிக்கிற நேரத்தை, பின்னுக்குத் தள்ள மறந்துபோய்க் கிக்கரை மிதிச்சன், அது திருப்பி உதைச்ச உதையில ஒரு கிழமை நொண்டினனான்.

மனம் நொந்தது ராங்கிலதான். பெயின்ற் அடிக்கக் குடுத்த இடத்தில, பேர் வேண்டாம், நல்ல பெடியன்தான், நான் சொல்லாமலே அந்த நாவற்குழி நெளிவைப் பட்டி வச்சு நிரப்பி, கண்ணாடி மாதிரித் தேய்ச்சு அடிச்சுத் தந்திட்டான். அவன்ர முகத்தில அவ்வளவு பெருமை. வாயே திறக்கேல்லை நான். வீட்ட கொண்டு வந்து ரண்டு நாள் இருந்து பார்த்திட்டு மூண்டாம் நாள் தகட்டுச் சுரண்டியால பட்டியைச் சுரண்டி எடுத்தன். இப்ப அதில பெயின்ற் கொஞ்சம் திட்டுத் திட்டா இருக்கு, இருக்கட்டும்.

இதைத்தான் மச்சானோட வாதாடுறன். அவன் சொல்லுறான், தண்ணிப் பைப் ஹாண்டிலைக் கழட்டு, சீற்றைக் கழட்டு, அந்தச் செப்புக் குழாயைத் தூக்கி எறி, ஆமிப் பச்சை அடி, நான் முழு மட்காட் எடுத்து அனுப்புறன், அப்பதான் அது எம் 20 எண்டு. யாழ்ப்பாண றோட்டில ஆமிப் பச்சை அடிச்சுக் கொண்டு திரிய எனக்கென்ன விசரே?

நான் அவனிட்டக் கேட்டன், உங்கட லண்டனில ட்ரைட்டன் எண்டு ஒண்டைத் தலையில வச்சு ஆடுறியளே, அது என்ன? ட்ரையம்ப் எஞ்சினைக் கழட்டி நோர்ட்டன் பிறேமுக்குள்ள பூட்டினது. 1950 இல நோர்ட்டன் ரேஸுக்கு இறக்கின ஃபெதர்பெட் பிறேம் ஓட்டத்துக்கு நல்லது, ட்ரையம்ப்பின்ர ரட்டைச் சிலிண்டர் எஞ்சின் வேகத்துக்கு நல்லது, ரண்டையும் வீட்டுக் கராஜில வச்சு ஒண்டாக்கின பெடியள் மோட்டச் சைக்கிள்காரர் கூடுற ஏஸ் கஃபே வாசலில கொண்டு வந்து நிப்பாட்டினவை. ரண்டு கொம்பனிக்காரரும் அப்பிடி ஒண்டு செய்து விக்கேல்லை. இண்டைக்கு அதுக்கு இங்கிலிஷில பேர் கஸ்டம், எண்டா தன்ர விருப்பத்துக்கு மாத்திச் செய்தது, விலை கேட்டாத் தலை சுத்தும், அதைப் பழைய நிலைக்குப் பிரிச்சு எடு எண்டு அங்க ஒருத்தரும் சொல்லுறேல்லை. அவன் பொழுதுபோக்குக்கு வெட்டி ஒட்டினாக் கஸ்டம், ஐயா பிறிஜ்ஜைப் பிரிச்சு மண்ணெண்ணெய்க்குக் குழாய் போட்டா அது ஒட்டுவேலையோ? எங்களுக்கும் அது கஸ்டம்தான், ரண்டு கருத்திலயும். மச்சான் சிரிச்சிட்டு, சரி விடு எண்டான். மட்காட் இன்னும் அனுப்பேல்லை, அதுவும் நல்லதுக்கு.

நான் ஒண்டையும் மாத்தேல்லை எண்டு சொல்ல வரேல்லை. பிரேக் ஷூ புதுசு, வயர் முழுக்கப் புதுசு, பெயாரிங் புதுசு, ரயர் இந்தியன் புல்லட்டின்ர 3.25 - 19, அச்சொட்டாப் பொருந்துது. செப்புக் குழாய் சும்மா சுத்திக் கிடக்குது, ரண்டு முனையும் அடைச்சிருக்கிறன், அதுக்குள்ளால பெற்றோலை விட்டா நானும் சைக்கிளும் சேர்ந்து எரிவம். அஸ்பெஸ்ரஸ் கயிறைக் கழட்டிப் போட்டன், அது நெஞ்சுக்குக் கூடாது. கலண்டர் மட்டைக் கேஸ்கற் எடுத்த இடத்தில கிழிஞ்சு போச்சு, சாமி அறையில ஐயான்ர படத்துக்குப் பின்னால வச்சிருக்கிறன், புதுசு நானே மட்டையில வெட்டினன், ஓட்டை அவரளவுக்கு வரேல்லை.

இப்ப இதை எழுதுறதுக்குக் காரணம். கொழும்பில இருந்து ஆக்கள் வருகினம். போன வருசம் மட்டும் என்ர படலையில மூண்டு பேர். ஒருத்தர் ஆறு லட்சம் எண்டு தொடங்கினவர். வாங்கிக் கொண்டு போய் ஒண்டில் பிறேமை வெட்டிப் புது ஸ்ரைலில செய்யினம், இல்லாட்டி மச்சான் சொன்ன மாதிரி எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சு பச்சை அடிச்சு அசல் எண்டு விக்கினம். ரண்டு வழியிலயும் இஞ்ச கடைஞ்சது, வளைச்சது, ஒட்டினது எல்லாம் பழைய இரும்புக்காரனிட்டப் போகுது. விக்கிறவையைக் குறை சொல்லேல்லை, காசு கஸ்டம் எல்லாருக்கும் இருக்கு. வாகனம் பதியிற கந்தோரில போனாலும் வில்லங்கம்தான், எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வேற வேற, ஏதோ களவு எண்ட மாதிரி என்னை மேலயும் கீழயும் பார்த்தவை. பிஎஸ்ஏ அந்தக் காலத்தில ரண்டுக்கும் ஒரே நம்பர் அடிக்கேல்லை எண்டதை நாலு தரம் போய்த்தான் விளங்கப்படுத்தினது.

அதால உங்களிட்ட ஒரு கேள்வி, ஒரு உதவி. கார்ப் பக்கம் போட்ட மாதிரி லேத்காரருக்கு ஒரு பக்கம் போடுவியளோ? எங்கட சுன்னாகத்து ஐயான்ர பிள்ளையள் கனடாவில, அவருக்குப் பிறகு அந்த லேத் கிலோக் கணக்கில போகப் போகுது, அதை அவரே என்னட்டச் சொன்னவர், முகத்தில ஒரு மாற்றமும் இல்லாம. 90 இல இருந்து 2002 இல ஏ9 பாதை திறக்கும் வரைக்கும் என்னென்ன கடைஞ்சவர், எந்த இரும்பில கடைஞ்சவர், ஆருக்குக் கடைஞ்சவர் எண்டு கேட்டா ஒரு பின்னேரம் முழுக்கச் சொல்லுவார். அவரை மாதிரி ஆக்கள் அச்சுவேலிப் பக்கம், சாவகச்சேரிப் பக்கம் எல்லாம் இருப்பினம். ஒரு நிருபரை அனுப்புங்கோ, நான் கூட்டிக் கொண்டு போறன், பின் சீற்றில ஏறத் துணிவிருந்தால்.

மற்றது சின்ன விசயம். இக்னிஷனை முன்னுக்குப் பின்னுக்குத் தள்ளுற லீவர், இடப்பக்க ஹாண்டிலில வாறது, என்னிட்ட இல்லை, இப்ப புஷ்பைக் பிரேக் கம்பியும் ஒரு பூட்டுத் திறப்புத் துண்டும் வச்சுச் சமாளிக்கிறன். உங்கட வாசகர்மார் ஆற்றையும் கொட்டிலுக்குள்ள கிடந்தா உங்கட கந்தோருக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லட்டும். கறள் பிடிச்சதெண்டாலும் பரவாயில்லை. லண்டன் சாமான் எனக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய மோட்டச் சைக்கிள்காரன் ஒருவன்,
கோண்டாவில்.